வாக்களிக்க உதவும் தொண்டு: யாழ்ப்பாணத்தில் எந்த ஏற்பாடு கைகொடுக்கிறது, எது தடக்குகிறது

தேர்தல் அறிவித்தால் யாழ்ப்பாணத்தில் தொண்டுக்கு ஆள் குறைவதில்லை. வாக்களிப்பு நாளன்று விடியவே வந்து நிற்கிற பிள்ளைகள் நிறையப் பேர். ஆனால் அன்றைக்கு அவர்களுக்குக் கொடுக்க வேலை அவ்வளவு இல்லை. அடையாள அட்டை இல்லாத முதியவருக்கு அன்று காலையில் யாராலும் ஒன்றும் செய்ய இயலாது. பார்வை குறைந்தவர் தான் நம்பும் ஒருவரை உள்ளே கூட்டிச்செல்வதற்கான சான்றிதழையும் அன்று எழுதி எடுக்க முடியாது. இந்தத் தொண்டில் பெறுமதியானது வாக்களிப்புக்கு முந்திய மூன்று நான்கு கிழமைகள்தான். அந்த நாட்களை எதில் செலவழிக்கலாம், அரசு செய்து வைத்திருக்கும் ஏற்பாடுகளில் எவை நன்றாக ஓடுகின்றன, எங்கே ஆள் நின்று தள்ள வேண்டியிருக்கிறது என்பதைப் பார்ப்போம். புதிதாக இறங்குகிறவர்களை மனத்தில் வைத்து எழுதுகிறோம்.

முதலில், எந்த வாசலால் தொண்டுக்குள் வருவது? மூன்று வழிகள் உண்டு. ஒன்று, கட்சி அல்லது சுயேச்சைக் குழுவின் முகவராக வாக்களிப்பு நிலையத்தில் இருப்பது. அது அவர்களின் நலனைக் காக்கிற வேலை. அதற்குரிய மரியாதை அதற்கு உண்டு. ஆனால் முகவர் ஒருவர் மாற்றுத்திறனாளி வாக்காளருக்கு உதவியாளராகப் போக முடியாது. இரண்டாவது, பெஃப்ரல் போன்ற கண்காணிப்பு அமைப்புகள். 1987இல் தொடங்கிய பெஃப்ரல் ஒவ்வொரு தேர்தலிலும் கட்சி சாராதவர்களைச் சேர்த்து, பயிற்சி கொடுத்து, நிலையங்களுக்கு அனுப்புகிறது. ஒழுங்கான பயிற்சி, எதைக் குறிக்க வேண்டும் என்ற தெளிவான படிவம், அடையாள அட்டை எல்லாம் கிடைக்கும். சட்டத்தையும் நடைமுறையையும் படிக்க இதைவிட நல்ல இடம் இல்லை. ஒன்றை மட்டும் விளங்கிக்கொண்டு போக வேண்டும்: கண்காணிப்பாளர் பார்த்து எழுதுகிறவர். வரிசையில் நிற்கும் அம்மாவுக்கு எந்தப் பெட்டியில் புள்ளடி போடுவது என்று சொல்லிக்கொடுக்கிற வேலை அவருடையதல்ல. சொன்னால் அவருடைய அறிக்கையின் நம்பகமே போய்விடும். சனங்களுக்கு உதவ வேண்டும் என்ற எண்ணத்தோடு கண்காணிப்புக்கு விண்ணப்பிக்கிறவர்கள் இங்கேதான் ஏமாந்துபோகிறார்கள்.

மூன்றாவது வழி ஊரிலேயே இருக்கிறது. சனசமூக நிலையம், மாதர் சங்கம், முதியோர் சங்கம், மாற்றுத்திறனாளர் அமைப்புகள். நேரடியாக உதவ விரும்புகிறவர்களுக்கு எங்கள் பரிந்துரை இதுதான். சனசமூக நிலையத்தில் இருக்க வாங்கு, மேசை எல்லாம் இருக்கும், காலையில் பத்திரிகை பார்க்க ஆட்கள் வருவார்கள், எந்த ஒழுங்கையில் யார் படுக்கையில் இருக்கிறார் என்று அங்கே யாருக்காவது தெரிந்திருக்கும். நிருவாகத்தில் ஒருவர் வேட்பாளராக நின்றால் மட்டும் அந்த இடத்தை விட்டுவிடுங்கள். எவ்வளவு நேர்மையாக நடந்தாலும் அடுத்த பக்கத்துச் சனம் படி ஏறாது.

வேலையின் தொடக்கம் வாக்காளர் இடாப்பு. தேர்தல் ஆணைக்குழுவின் இணையத்தளத்தில் அடையாள அட்டை இலக்கத்தைப் போட்டுப் பதிவைத் தேடலாம். கைத்தொலைபேசியிலும் வேலை செய்யும். நாலு பேர் கூடி ஒரு பின்னேரத்தில் ஒரு ஒழுங்கையையே பார்த்து முடிக்கலாம். பிழை வருவது பெரும்பாலும் இலக்கத்தில். பழைய அட்டையில் ஒன்பது இலக்கமும் ஓர் எழுத்தும் இருக்கும். 2016 முதல் வந்த அட்டைகளில் பன்னிரண்டு இலக்கம். அட்டையை மாற்றியவரின் பதிவு இன்னும் பழைய இலக்கத்தில் கிடக்கலாம். அதனால் ஒன்றில் கிடைக்கவில்லையென்றால் மற்றதிலும் தேடுங்கள். பழையதைப் புதியதாக்க, முன்னால் 19 சேருங்கள், பழைய இலக்கத்தின் ஐந்தாவது எண்ணுக்குப் பிறகு ஒரு 0 வையுங்கள், கடைசி எழுத்தை விட்டுவிடுங்கள். பன்னிரண்டு வரும். ‘பெயர் இல்லை’ என்று சொல்லி ஒருவரைக் கலங்க வைப்பதற்கு முன் இந்த இரண்டாவது தேடலைக் கட்டாயம் செய்ய வேண்டும்.

பெயர் இருக்கிறது, ஆனால் வேறு இடத்தில் இருக்கிறது என்பதும் எங்கள் பக்கத்தில் அடிக்கடி வரும். வலிகாமம் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்து மானிப்பாய், கோப்பாய்ப் பக்கம் இருப்பவர்கள், காணி விடுபட்டபின் பாதிக் குடும்பம் திரும்பிப் போன வீடுகள், கலியாணம் முடித்து வேறு ஊருக்குப் போன பெண்கள். இவர்களுக்குத் தேவையானது ஒன்றுதான்: எந்த வாக்களிப்பு நிலையம் என்பதைக் கடதாசியில் எழுதிக் கொடுப்பது. தேர்தல் அறிவித்த பிறகு இடாப்பில் புதிதாகப் பெயர் சேர்க்கவோ இடம் மாற்றவோ முடியாது. ‘கச்சேரிக்குப் போய்ப் பாருங்கோ’ என்று மாவட்டச் செயலகத்துக்கு ஆட்களை அலைய விடாதீர்கள்.

அடுத்தது உத்தியோகபூர்வ வாக்காளர் அட்டை. இது தபாலில் வீட்டுக்கு வரும். ஞாயிற்றுக்கிழமையிலும் தபால்காரர்கள் விசேடமாக வந்து கொடுக்கிற நாள் ஒன்று ஒவ்வொரு தேர்தலிலும் உண்டு. எங்கள் பார்வையில் முழு ஏற்பாட்டிலும் மிக நன்றாக நடக்கிற பகுதி இது. வீட்டில் ஆள் இல்லாமல் திரும்பிப் போன அட்டைகள் அந்தப் பகுதித் தபாற்கந்தோரில் இருக்கும். ஆளடையாளத்தைக் காட்டி வாக்களிப்பு நாளன்றும் எடுக்கலாம். அட்டை கிடைக்கவே இல்லையென்றாலும் வாக்குரிமை போகாது. இடாப்பில் பெயரும் கையில் ஏற்கத்தக்க அடையாள ஆவணமும் இருந்தால் போதும். இதைத் தெரியாமல் வீட்டில் இருந்துவிடுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். தொண்டர் ஒருவர் வாசலில் நின்று சொல்லக்கூடிய மிகப் பயனுள்ள வசனமும் இதுதான். அட்டை இல்லாதவருக்கு இடாப்பின் தொடரிலக்கத்தை எழுதிக் கொடுத்தால் மேசையில் பெயர் தேடுகிற நேரம் மிச்சம்.

உண்மையான தடை அடையாள ஆவணம். தேசிய அடையாள அட்டை, செல்லுபடியான கடவுச்சீட்டு, செல்லுபடியான சாரதி அனுமதிப்பத்திரம், அரச ஓய்வூதியர் அட்டை, முதியோர் அட்டை, ஆட்பதிவுத் திணைக்களம் மதகுருமாருக்குக் கொடுக்கும் அட்டை, அடையாள அட்டை விபரத்தை உறுதிப்படுத்தி அதே திணைக்களம் வழங்கும் கடிதம் ஆகியவை ஏற்கப்படும். பல்கலைக்கழக அட்டை, வேலைத்தள அட்டை, நிழற்பிரதி, தொலைபேசியில் எடுத்த படம் ஒன்றும் சரிவராது. காலாவதியான சாரதி அனுமதிப்பத்திரத்தோடு வந்து திரும்பிப் போவது வழமையான காட்சி.

ஆகவே வீடுவீடாகப் போகும்போது ‘ஐ.சி. இருக்கா?’ என்று கேட்பது போதாது. எல்லாரும் ‘ஓம்’ என்றுதான் சொல்வார்கள். “அம்மா, உங்கட அடையாள அட்டையை ஒருக்கா எடுத்துக் காட்டுங்கோ, நான் கையில வாங்கேல்லை, பார்த்தால் காணும்” என்று கேளுங்கள். அப்போதுதான் படம் மங்கி முகம் தெரியாத அட்டையும், இரண்டாக உடைந்து பசை நாடா ஒட்டிய அட்டையும் வெளியே வரும். பழைய லமினேற் அட்டைகளில் ஈரம் புகுந்து படம் அழிந்திருப்பது கடற்கரை ஊர்களில் சாதாரணம். முகம் தெரியாவிட்டால் அலுவலர் மறுக்கலாம். இப்படியானவர்களுக்குத் தேர்தல் ஆணைக்குழு தற்காலிக அடையாள அட்டை வழங்குகிறது. விண்ணப்பம் கிராம அலுவலர் ஊடாக, படத்தோடு போக வேண்டும். இதன் குறை கால எல்லை. அண்மைய தேர்தல்களில் வாக்களிப்புக்கு ஏறத்தாழ ஒரு கிழமை இருக்கும்போதே விண்ணப்பம் முடிந்துவிடுகிறது. சனங்களுக்குத் தேர்தல் சூடு பிடிப்பது அந்தக் கடைசிக் கிழமையில்தான். விதானையார் (கிராம அலுவலர்) கந்தோரில் இருக்கும் நாட்களைக் கேட்டுவைத்து, படம் எடுக்க ஒருவரை ஊருக்கே கூட்டிவந்து, ஒரே நாளில் பத்துப் பேரின் படிவத்தை ஒன்றாகக் கொடுப்பதுதான் நடக்கக்கூடிய வழி. தனித்தனியாக அனுப்பினால் பாதிப் பேர் போகமாட்டார்கள்.

இன்னுமொன்று. யாருடைய அடையாள அட்டையையும் வாக்காளர் அட்டையையும் ‘பத்திரமாக’ வாங்கி வைக்காதீர்கள், படம் பிடிக்காதீர்கள். நல்ல எண்ணத்தோடு செய்தாலும் அது சட்டச் சிக்கலில் கொண்டுபோய் விடும். நீங்கள் எழுதி வைக்கிற கொப்பியில் பெயரும், என்ன ஆவணம் குறைகிறது என்பதும் போதும்.

மாற்றுத்திறனாளி வாக்காளருக்கான ஏற்பாட்டைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். 2011ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கத் தேர்தல்கள் (விசேட ஏற்பாடுகள்) சட்டம், பார்வைக் குறைபாடோ உடற்குறைபாடோ உள்ளவர் தான் விரும்பிய ஒருவரை உள்ளே கூட்டிச் சென்று அவர் மூலம் புள்ளடியிட இடம் கொடுத்தது. அதற்கு முன் இருந்த ஒரே வழி, தலைமை தாங்கும் அலுவலர் இன்னொரு அலுவலர் முன்னிலையில் வாக்காளர் சொல்கிறபடி குறிப்பது. அந்த வழி இப்போதும் இருக்கிறது. சான்றிதழ் இல்லாதவருக்கும் வாக்கு உண்டு என்பதை மறக்க வேண்டாம். ஆனால் தன் தெரிவை இரண்டு அந்நியர் காதில் சொல்வதற்கும் தன் மகளிடம் சொல்வதற்கும் எவ்வளவோ வித்தியாசம். போர் கண்ணையும் கையையும் எடுத்துக்கொண்ட இவ்வளவு பேர் வாழும் மாவட்டத்தில் இந்தச் சட்டத்தை நாங்கள் முழுமையாகப் பயன்படுத்த வேண்டும்.

தேவையானது தகுதிச் சான்றிதழ். படிவம் கிராம அலுவலரிடமும் மாவட்டத் தேர்தல் அலுவலகத்திலும் கிடைக்கும். அரச வைத்தியர் ஒருவரின் அத்தாட்சியும் கிராம அலுவலரின் உறுதிப்படுத்தலும் வேண்டும். நடக்கச் சிரமப்படுகிற ஒருவரையே இரண்டு இடத்துக்கு அலைய வைப்பது இந்த ஏற்பாட்டின் பெரிய குறை. உரிமையை மிகத் தேவைப்படுகிறவர்தான் முதலில் களைத்துப் போகிறார். இதைக் குறைக்க ஒரு வழி: பெரும்பாலானவர்கள் மாதாந்தக் கிளினிக் போகிறவர்கள். படிவத்தை முன்கூட்டியே எடுத்து, பெயர், முகவரி, இலக்கம் எல்லாம் நிரப்பி, கிளினிக் கொப்பிக்குள் வைத்துக் கொடுத்துவிடுங்கள். வைத்தியரிடம் அன்றைக்கே கையொப்பம் வாங்கலாம். வெறும் படிவத்தை நீட்டினால் நெரிசலில் நின்று நிரப்ப வைத்தியருக்கும் நேரமில்லை.

உதவியாளராகப் போகிறவர் 18 வயது நிரம்பியவராக இருக்க வேண்டும். வேட்பாளராகவோ, கட்சியின் அதிகாரமளிக்கப்பட்ட முகவராகவோ, வாக்களிப்பு நிலைய முகவராகவோ இருக்கக்கூடாது. தன் அடையாள அட்டையையும் கொண்டுவர வேண்டும். தொண்டரே உதவியாளராகப் போவதை நாங்கள் விரும்புவதில்லை. வீட்டில் யாரும் இல்லாதபோது மட்டும் போங்கள். தெரிவு செய்கிறவர் வாக்காளர்.

வாகனம் விடயத்தில் நல்ல மனத்தோடு செய்கிறவர்களே பிடிபடுகிறார்கள். வாக்காளரை நிலையத்துக்கு ஏற்றி இறக்குவது தேர்தல் சட்டப்படி குற்றம். முச்சக்கரவண்டியை வாடகைக்குப் பிடித்து ஒழுங்கையிலுள்ள ஆச்சிமாரை ஏற்றிப் போவது எங்கள் கண்ணுக்குப் புண்ணியமாகத் தெரியும். சட்டத்தின் கண்ணுக்கு அது ஆள் ஏற்றுதல். நடக்க இயலாதவர் வாகனத்தில் வர, மாவட்டத்தில் தேர்தலுக்குப் பொறுப்பான தெரிவத்தாட்சி அலுவலரிடம் முன்கூட்டியே எழுத்தில் விண்ணப்பித்து அனுமதி பெற வேண்டும். இங்கே அது அரசாங்க அதிபர். விண்ணப்பத்தைக் கச்சேரி வளவிலுள்ள மாவட்டத் தேர்தல் அலுவலகத்தில் கொடுக்கலாம். இதற்கும் வாக்களிப்புக்குப் பல நாள் முன்பே இறுதித் திகதி உண்டு. தற்காலிக அட்டை, தகுதிச் சான்றிதழ், வாகன அனுமதி மூன்றையும் ஒரே கொப்பியில் ஒரே சுற்றில் எழுதிக்கொண்டால் அலைச்சல் மூன்றிலொன்றாகும். நடக்கக்கூடியவரோடு சேர்ந்து நடந்துபோய், குடை பிடித்து, வழியில் இருக்க ஒரு மடிப்புக் கதிரை கொண்டுபோவதில் யாருக்கும் ஆட்சேபமில்லை.

இப்போது எங்கள் மாவட்டத்துக்கு மிக அவசரமானது: செல்லாத வாக்கு. 2024 நவம்பர் 14 பாராளுமன்றத் தேர்தலில், கிளிநொச்சியும் சேர்ந்த யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தில் 30 ஆயிரத்துக்கு மேற்பட்ட வாக்குகள் நிராகரிக்கப்பட்டன. அதே தேர்தலில் 28 ஆயிரத்துக்கும் குறைந்த வாக்கோடு ஒரு சுயேச்சைக் குழு ஓர் ஆசனத்தைப் பெற்றது. வரிசையில் நின்று, மையும் பூசி, வீட்டுக்கு வந்த இத்தனை பேரின் வாக்கு எண்ணப்படாமல் போனது. இதில் சிலர் வேண்டுமென்றே பழுதாக்கியிருப்பார்கள். அது அவர்கள் தெரிவு. மற்றவர்களுக்கு யாரும் ஒழுங்காக விளங்கப்படுத்தவில்லை.

காரணத்தை ஊகிப்பது கடினமில்லை. எட்டு மாதத்துக்குள் மூன்று தேர்தல், மூன்று விதமான சீட்டு. 2024 செப்டெம்பர் 21 ஜனாதிபதித் தேர்தலில் 1, 2, 3 என்று விருப்பத்தை எழுதலாம், அல்லது ஒருவருக்கு மட்டும் புள்ளடி போடலாம். இரண்டையும் கலக்கக்கூடாது. நவம்பரில் ஒரு கட்சிக்கோ குழுவுக்கோ புள்ளடி, பிறகு அதே கட்சியின் வேட்பாளர்களில் மூவர் வரைக்கும் அவர்களின் இலக்கத்தில் விருப்பு வாக்கு. 2025 மே 6 உள்ளூராட்சித் தேர்தலில் ஒரேயொரு புள்ளடி. விருப்பு வாக்கே இல்லை. செப்டெம்பரில் படித்ததை நவம்பரில் செய்தால் பழுது.

பாராளுமன்றச் சீட்டில் நடக்கும் பிழைகளில் முதலாவது, தெரிந்த வேட்பாளரின் இலக்கத்தை மட்டும் குறித்துவிட்டுக் கட்சிச் சின்னத்துக்கு நேரே ஒன்றும் போடாமல் மடிப்பது. எந்தக் கட்சியின் அந்த இலக்கம் என்று தெரியாததால் முழுச் சீட்டும் போய்விடும். இரண்டாவது, உறவுக்காரர் ஒரு கட்சியில், மனம் இன்னொரு கட்சியில் என்று இரண்டுக்கும் புள்ளடி போடுவது. மூன்றாவது, மூன்றுக்கு மேல் இலக்கம் குறிப்பது. இதில் கட்சி வாக்கு தப்பும், விருப்பு வாக்குகள் மட்டும் போகும். நாலாவது, பெயர், கையொப்பம் போல ஆளைக் காட்டிக்கொடுக்கும் எதையும் எழுதுவது. நவம்பரில் இந்த மாவட்டத்தின் சீட்டில் நாற்பதுக்கு மேற்பட்ட கட்சிகளும் குழுக்களும், கீழே 1 முதல் 9 வரை இலக்கங்களும் இருந்தன. மாவட்டத்துக்கு ஆறு ஆசனம், ஒவ்வொரு பட்டியலிலும் அதைவிட மூன்று பேர் கூட, ஆகவே ஒன்பது வேட்பாளர். கண்ணாடி மறந்து வந்த ஒருவருக்கு அந்த நீளச் சீட்டு எப்படித் தெரியும்? ‘கண்ணாடியைக் கொண்டுபோங்கோ’ என்பதையும் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

விளங்கப்படுத்த ஒரு மாதிரிச் சீட்டு வேண்டும். அதில் உண்மையான கட்சிப் பெயரையோ சின்னத்தையோ போடவே கூடாது. பழம், விலங்கு, பாத்திரம், வாகனம் என்று எதை வரைந்தாலும் அது யாராவது ஒருவரின் சின்னமாக இருக்கக்கூடும். பிறகு நீங்கள் பிரசாரம் செய்ததாகக் கதை வரும். அ, ஆ, இ, ஈ என்று எழுத்துகளைப் போடுங்கள். பெரிய கடதாசியில் பத்து வரி, கீழே ஒன்பது கட்டம். ஆளுக்கு ஒரு பிரதியும் பேனையும் கொடுத்து அவர்களையே குறிக்க விடுங்கள். சுவரில் ஒட்டிக் காட்டிவிட்டுப் போனால் எல்லோரும் தலையாட்டுவார்கள். கையில் பேனை வந்தபிறகுதான் யாருக்கு விளங்கவில்லை என்று தெரியும். ஒரு முறைக்கு எட்டுப் பேருக்கு மேல் வேண்டாம். முதலில் பிழையாகக் குறித்த ஒரு சீட்டைக் கொடுத்து ‘இது செல்லுமா?’ என்று கேட்டால் பேச்சு தானாகத் தொடங்கும். வரப்போகிற தேர்தலின் முறையை மட்டும் சொல்லிக்கொடுங்கள். மற்ற இரண்டையும் ஒப்பிட்டால் குழப்பம் கூடும்.

உள்ளே கை தவறிக் குறித்துவிட்டால், பெட்டியில் போடுவதற்கு முன் அலுவலரிடம் கொடுத்து வேறு சீட்டுக் கேட்கலாம். தன் பெயரில் யாரோ ஏற்கெனவே வாக்களித்திருப்பதாகச் சொன்னால், சத்தம் போட்டுவிட்டுத் திரும்பி வரவும் வேண்டாம். தலைமை தாங்கும் அலுவலரிடம் கேட்டால், கூற்றொன்று கொடுத்துத் தனியாக வாக்களிக்கச் சட்டத்தில் இடமுண்டு. இந்த இரண்டும் சனங்களுக்குத் தெரியாது.

தீவுகளுக்குத் தனிக் கணக்கு. நெடுந்தீவு, நயினாதீவுக்குக் குறிகாட்டுவானில் இருந்தும் அனலைதீவு, எழுவைதீவுக்கு ஊர்காவற்றுறையில் இருந்தும் படகு. யாழ்ப்பாண நகரில் குடியிருந்து தீவில் பதிவுள்ளவர்கள் முதல் நாளே போய்விட வேண்டும். நவம்பர் மாதிரி மாரி காலத்தில் கடல் குழம்பினால் காலைப் படகை நம்ப முடியாது. போகிறவர்களுக்கு அடையாள அட்டையைப் பொலித்தீனில் சுற்றி வைக்கச் சொல்லுங்கள். கொழும்பில் தனியார் வேலை செய்யும் பிள்ளைகளுக்குத் தபால் வாக்கு இல்லை. அது அரச சேவையினர், தேர்தல் கடமையினர் போன்ற குறித்த வகையினருக்கே. ஆனால் 150 கிலோமீற்றருக்கு மேல் பயணம் என்றால் வேலைத்தளம் இரண்டு நாள் விடுமுறை கொடுக்க வேண்டும் என்பது ஆணைக்குழுவின் அறிவுறுத்தல். முதலாளியிடம் எழுத்தில் கேட்கச் சொல்லுங்கள்.

பிரசாரம் முடிந்து வாக்களிப்புவரை 48 மணி நேரம் அமைதிக் காலம். அப்போது யாருக்குப் போடுவது என்ற கதையை எந்த வாசலிலும் தொடாதீர்கள். கேட்டாலும் ‘அது உங்கட விருப்பம்’ என்பதோடு நிறுத்துங்கள். வாக்களிப்பு நாளில், அண்மைய தேர்தல்களைப் போல் காலை 7 முதல் மாலை 4 வரை என்றால், முதியவர்களை ஒன்பதுக்கு முன் போகவைப்பது நல்லது. பத்துக்குப் பிறகு பாடசாலை முற்றத்தில் வெயில் தாங்காது. நிலையத்தின் அருகே கூட்டமாக நிற்க வேண்டாம், ஒரு துண்டுக் கடதாசியும் கொடுக்க வேண்டாம். தொலைபேசியை உள்ளே எடுக்கக் கூடாதென்று போகிறவர்களுக்கு நினைவூட்டுங்கள். அன்றைக்குத் தொண்டர்களால் செய்யக்கூடிய சிறந்த உதவி வீட்டில் இருக்கிறது. படுக்கையிலுள்ள நோயாளியையும் கைக்குழந்தையையும் ஒரு மணி நேரம் பார்த்துக்கொண்டால், அவர்களைப் பராமரிக்கிற பெண் போய் வாக்களித்து வருவாள். எந்த அனுமதியும் தேவையில்லாத இந்த உதவியை இன்னும் மிகக் குறைவானவர்களே செய்கிறார்கள்.

தேர்தல் முடிந்ததும் கொப்பியை எறியாதீர்கள். பெயர் காணாதவர்கள், வேறு ஊரில் பதிவு கிடந்தவர்கள், 18 நிரம்பியும் சேராத பிள்ளைகள், அடையாள அட்டை மங்கியவர்கள் எல்லாரும் அதில் இருக்கிறார்கள். இடாப்பு ஆண்டுதோறும் திருத்தப்படுகிறது. கிராம அலுவலர் அடுத்த திருத்தத்துக்கு வீடு வரும்போது அந்த வீட்டில் யாராவது இருக்க வேண்டும், பிறப்புச் சான்றிதழும் பழைய அட்டை இலக்கமும் மேசையில் இருக்க வேண்டும். அட்டை மாற்ற விண்ணப்பிக்க வேண்டியவர்களையும் அதே மாதத்தில் பிரதேச செயலகத்துக்குக் கூட்டிப் போங்கள். தேர்தல் அறிவித்த பிறகு போனால் அங்கே நெரிசல்.